டீசல் ஃபோர்க்லிஃப்டுக்கு ஸ்பீட் லிமிட்டர்: குன்னூர் குடோனில் எப்படி உழைக்கிறது

மூட்டைகளைத் தூக்கி நகர்த்தும் டீசல் ஃபோர்க்லிஃப்டுக்கு, வேகத்தை ஓர் அளவுக்கு மேல் போகவிடாத ஸ்பீட் லிமிட்டர் மாட்டலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மாட்டலாம், கொடுத்த காசுக்கு உழைக்கிறது. ஆனால் உங்கள் குடோன் மலையில் இருந்தால், இறக்கத்திலும் அது வண்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று நம்பி வாங்காதீர்கள். விற்க வந்தவர்களில் ஒருவர்கூட இதைத் தானாக எங்களிடம் சொல்லவில்லை. இதே வகைக் கருவியைக் கோயம்புத்தூரில் பலர் வேறு வேறு பெயரில் விற்கிறார்கள், வேலை செய்யும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். அதனால் கம்பெனி பெயரை விட்டுவிட்டு, இந்த வகை எங்கள் இடத்தில் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்களுடையது குன்னூரில் ஒரு தேயிலை குடோன். 1963-லிருந்து இங்கே தேயிலை ஏலம் நடக்கிறது. ஃபேக்டரிகளிலிருந்து வரும் மூட்டைகளை இறக்கி வைத்து, ஏலத்தில் போனதும் லாரி ஏற்றி அனுப்புவது எங்கள் வேலை. நான் குடோன் இன்சார்ஜ். வண்டி இரண்டு. பேட்டரி வண்டி உள்ளே அடுக்குவதற்கும் எடுப்பதற்கும். இரண்டரை டன் டீசல் வண்டி யார்டுக்கும் லாரி நிற்கும் ஷெட்டுக்கும். தேயிலை வாசனையைச் சட்டென்று இழுத்துக்கொள்ளும் பொருள், டீசல் புகை பட்ட மூட்டையை, தேயிலையைச் சுவைத்துத் தரம் பார்க்கும் எந்த டேஸ்டரும் கண்டுபிடித்துவிடுவார். அதனால் டீசல் வண்டி ஷெட்டைத் தாண்டி உள்ளே போகவே கூடாது.

ஆபத்து முழுக்க அந்த ஷெட்டில்தான். யார்டில் பெரும்பாலும் வண்டிகள் மட்டும். உள்ளே ரேக்குகளுக்கு நடுவே வழி குறுகல், வேகம் எடுக்க இடமே இல்லை. ஷெட்டில் எல்லோரும் வந்து சேர்கிறார்கள். லோடுமேன்கள் லாரியிலிருந்து மூட்டை இறக்குவார்கள். சாம்பிள் எடுக்க ஆள் வருவார். இன்வாய்ஸ் நம்பர் சரிபார்க்க நோட்டும் கையுமாக ஒரு தம்பி குனிந்து நிற்பான். லாரி டிரைவர் போன் பேசிக்கொண்டே குறுக்கே நடப்பார். இவர்கள் எல்லோரையும்விட எனக்குக் கவலை, சிந்திய தூளைக் கூட்டும் அக்காக்களைப் பற்றித்தான். அவர்கள் உட்கார்ந்துதான் கூட்டுவார்கள். ஆளுயரம் மூட்டை அடுக்கிய பேலட்டுக்கு (மூட்டைகளை வைத்துத் தூக்கும் பலகைத் தட்டு) பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஃபோர்க்லிஃப்ட் சீட்டிலிருந்து தலைகூடத் தெரியாது.

போன மழைக்கு முன்னால் ஒருநாள் டீசல் வண்டி காலியாக யார்டிலிருந்து வந்து ஷெட்டுக்குள் திரும்பியது. பின்பக்கம் வீசி, காலி பேலட் அடுக்கை அப்படியே சரித்துவிட்டது. அங்கே கூட்டிக்கொண்டிருந்த அக்கா அப்போதுதான் தண்ணீர் குடிக்க எழுந்து போயிருந்தார். துடைப்பம் மட்டும் பலகைகளுக்கு அடியில் கிடந்தது. அன்று சாயங்காலமே மேனேஜரிடம் போய் லிமிட்டர் வேண்டும் என்று கேட்டேன்.

இதில் டிரைவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஃபோர்க்லிஃப்ட் பின்சக்கரத்தில் திரும்பும் வண்டி. முன்பக்கம் அளவாகத் திரும்பினாலும் பின்பக்கம் அகலமாக வீசும். இன்னொன்று, காலி வண்டி பாதுகாப்பானது என்ற எண்ணம் தப்பு. முன்சக்கரம் இரண்டும், பின் அச்சின் நடுவில் இருக்கும் ஒரு தாங்குபுள்ளியும் சேர்ந்த ஒரு முக்கோணத்தின் மேல்தான் இந்த வண்டி நிற்கிறது. பாரம் இல்லாதபோது எடை முழுக்கப் பின்னால், முக்கோணத்தின் குறுகிய முனைப் பக்கம் போய்விடும். வேகமாகத் திருப்பினால் பக்கவாட்டில் சாய்வதற்கு அதுவே போதும். டிரைவர்களோ பாரம் இருந்தால் பொறுமையாகவும் காலியாக இருந்தால் பறந்தும் ஓட்டுவார்கள். எந்த குடோனுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம்.

வேகக் கணக்கை டிரைவர்களிடம் நான் இப்படித்தான் சொன்னேன். எங்கள் டீசல் வண்டி காலியாகவே மூன்றரை டன்னுக்கு மேல் எடை. விட்டால் 18 கிலோமீட்டர் வேகம் தாராளமாகப் போகும். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 5 மீட்டர். ஆளைப் பார்த்துப் பிரேக்கில் கால் வைக்கவே ஒரு நொடி ஆகும், அதற்குள் 5 மீட்டர் போயாயிற்று. 6 கிலோமீட்டர் வேகத்தில் அதே நொடியில் ஒன்றே முக்கால் மீட்டர்கூட நகராது. வேகம் மூன்று மடங்கு ஆனால் பிரேக் தாங்க வேண்டிய சக்தி ஒன்பது மடங்கு. இதில் தரை காய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். ஷெட் தரையில் எப்போதும் கொஞ்சம் டஸ்ட் டீ சிந்திக் கிடக்கும். வழவழப்பான சிமெண்டில் அந்தத் தூளும் கெட்டி ரப்பர் டயரும் சேர்ந்தால் வண்டி மணலில் போவது போல வழுக்கும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இன்னும் மோசம்.

சுவரில் '5 கி.மீ.' என்று போர்டு எழுதி வைத்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. பல டீசல் ஃபோர்க்லிஃப்டில் வேகம் காட்டும் முள்ளே கிடையாது, எங்களுடையதிலும் இல்லை. பார்க்க முடியாத வேகத்துக்கு போர்டு வைத்து என்ன செய்வது? ஷெட் வாசலில் ஸ்பீட் பிரேக்கர் போடலாம் என்று இன்னொருவர் சொன்னார். ஃபோர்க்லிஃப்டுக்கு ஸ்பிரிங் சஸ்பென்ஷன் கிடையாது. மேட்டில் ஏறி இறங்கினால் மேலே இருக்கும் காகித மூட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிச் சரியும். மலிவான வழி ஒன்றும் இருக்கிறது: ஆக்ஸிலேட்டர் பெடலுக்கு அடியில் ஒரு போல்ட் வைத்துக் கால் முழுக்க இறங்காமல் செய்வது. பாரத்தைத் தாங்கும் முன்பக்க இரும்புக் கைகளான ஃபோர்க்கைத் தூக்கும் ஹைட்ராலிக் பம்ப் எஞ்சினில் ஓடுவதால், அப்படிச் செய்தால் தூக்குவதும் மெதுவாகிவிடும், ஏற்றத்தில் இழுவையும் போய்விடும். ஒரு வாரத்தில் டிரைவரே போல்ட்டைக் கழற்றிவிடுவார்.

நாங்கள் வாங்கியது எலக்ட்ரானிக் வகை. சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டில் வேகத்தை எண்ணும் ஒரு சென்சார், டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு பெட்டி, ஆக்ஸிலேட்டர் கேபிளில் ஒரு மோட்டார். டிரைவர் தலைக்கு மேல் இருக்கும் கம்பிக் கூரையில் வானத்தைப் பார்த்தபடி இன்னொரு சென்சார். மேலே கூரை இருப்பது தெரிந்தால் வண்டி உள்ளே இருக்கிறது என்று வேகத்தை 6-க்குக் குறைக்கும், திறந்த வானமென்றால் 10 வரை விடும். வண்டி நியூட்ரலில் நின்றுகொண்டு தூக்கும்போது எஞ்சினை அது தடுப்பதில்லை, அதனால் ஃபோர்க் பழைய வேகத்திலேயே ஏறுகிறது. எல்லாம் பொருத்துக்கூலியோடு 45,000 ரூபாயை ஒட்டி வந்தது, ஜிஎஸ்டி தனி.

மாட்டிய புதிதில் டிரைவர்கள் கோபப்பட்டார்கள், அதில் நியாயம் இருந்தது. 6-ஐத் தொட்டதும் பெட்டி சட்டென்று எஞ்சினை அடக்கும், 5-க்கு இறங்கியதும் சட்டென்று விடும். வண்டி விக்கல் எடுப்பது போல ஓடியது. எங்கள் பேலட்டில் 20 மூட்டை. மேல் வரிசை மூட்டைகள் ஒவ்வொரு விக்கலுக்கும் விரற்கடை அளவு முன்னால் நகர்வதை நானே பக்கத்தில் நடந்து போய்ப் பார்த்தேன். மூத்த டிரைவர் அண்ணன் வண்டியை நிறுத்தி, "மேடம், இது சேஃப்டிக்கு மாட்டினதா, மூட்டையைத் தள்ளிவிடறதுக்கு மாட்டினதா?" என்று கேட்டார். மாட்டியவர் திரும்ப வந்து, அடக்குவதும் விடுவதும் படிப்படியாக நடக்கும்படி லேப்டாப்பில் மாற்றினார். அரை மணி நேர வேலை. முதல் நாளே பாரத்தோடு ஓட்டிப் பார்த்து இதைச் செய்திருக்க வேண்டும். நீங்கள் வாங்கினால், காலி வண்டியில் ஓட்டிக் காட்டிவிட்டுப் போக விடாதீர்கள். உங்கள் முழு பேலட்டை வைத்து, உங்கள் டிரைவரே ஓட்டி, அவர் சரி என்று சொன்ன பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

வேகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத் தனிக் கருவி வேண்டாம். தரையில் 10 மீட்டருக்கு இரண்டு கோடு போட்டு, போனில் நேரம் பாருங்கள். 6 நொடி ஆனால் 6 கிலோமீட்டர், 3.6 நொடி ஆனால் 10 கிலோமீட்டர். டயர் தேய்ந்து புதிது மாற்றும்போது திரும்பவும் பாருங்கள். ஷாஃப்டின் சுற்றை எண்ணித்தான் அது வேகம் கணக்கிடுகிறது, சக்கரத்தின் சுற்றளவு மாறினால் கணக்கும் மாறும்.

கூரை சென்சாருக்கு வருகிறேன். யார்டின் ஓரத்தில் ஒரு சில்வர் ஓக் மரம், அதன் கிளை வண்டி போகும் வழிக்கு மேலே தாழ்ந்து நிற்கிறது. அதற்கு அடியில் போகும்போதெல்லாம் குடோனுக்குள் வந்துவிட்டதாக நினைத்து வண்டி 6-க்கு இறங்கிவிடும். மேலே கூரை தெரிந்து ஒரு நொடி கழித்துத்தான் குறைய வேண்டும் என்று மாற்றினால் மரத்தை ஏமாற்றிவிடலாம் என்றார் மாட்டியவர். நான் ஒப்புக்கொள்ளவில்லை. 10 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி என்பது 2.8 மீட்டர். ஆட்கள் இருக்கும் ஷெட்டுக்குள் அத்தனை தூரம் வேகத்தோடு நுழைவதைவிட மரத்தடியில் கொஞ்சம் மெதுவாகப் போவது மேல். சென்சார் உடனே குறைத்தாலுமே வண்டி நின்று நிதானிக்கக் கொஞ்ச தூரம் பிடிக்கும். அதனால் ஷெட் வாசலுக்கு முன்னால் மஞ்சள் கோடு போட்டோம், அங்கே நின்று ஹாரன் அடித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

மூடுபனியிலும் இதே கதை. காலையில் சென்சாரின் முகத்தில் நீர் கோத்து நிற்கும், வண்டி திறந்த யார்டிலும் 6-லேயே ஓடும். துணியால் துடைத்தால் சரியாகிவிடும். எனக்கு இதில் வருத்தமில்லை. குழம்பினால் மெதுவான பக்கம் போய் நிற்கிறது, இந்தக் கருவியில் எனக்குப் பிடித்ததே அதுதான். வயரைக் கழற்றினாலும் வேகம் 6-க்கு மேல் போகாது. வாங்கும்போது இதைக் கட்டாயம் கேளுங்கள்: சென்சார் வயர் அறுந்தால் வண்டி மெதுவாகுமா, இல்லை கட்டுப்பாடே இல்லாமல் ஓடுமா? அப்புறம், பெட்டியின் பாஸ்வேர்டை மாட்டுபவர் 0000 என்றே விட்டுவிட்டுப் போவார். அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

இப்போது இறக்கம். எங்கள் யார்டு கேட்டிலிருந்து ஷெட்டை நோக்கிச் சரிகிறது. குன்னூரில் சமதளமாக யார்டு வைத்திருப்பவர்களைத் தேடித்தான் பார்க்க வேண்டும். பாரத்தோடு இறங்கும்போது கருவி செய்யக்கூடியது எஞ்சினுக்குத் தீனியைக் குறைப்பது மட்டுமே. பிரேக்கை அது தொடுவதில்லை. எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகச் சக்கரத்துக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வைத்த வண்டியில் எஞ்சின் பிடித்து நிறுத்துவதும் குறைவு. ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமலே வண்டி தன் எடையில் உருண்டு, ஷெட் வாசலில் 9, 10 வரை போய்விடும். பெட்டி பீப் பீப் என்று கத்தும், அவ்வளவுதான். 6-க்கு மேல் போகாது என்று நம்பி டிரைவர் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டால், கருவி இல்லாத வண்டியைவிட அது மோசம். எங்கள் டிரைவர்களை ஒவ்வொருவராக உட்கார வைத்து, இறக்கத்தில் காலை எடுக்கச் சொல்லி, வண்டி தானாக வேகம் எடுப்பதைக் காட்டினோம். யார்டு காலியாக இருந்தபோது, கீழே நீண்ட சமதளம் இருக்கும் பக்கமாகச் செய்தோம். வாயால் சொல்வதைவிட அது நன்றாகப் பதிந்தது.

இறக்கத்துக்கு உண்டான பழைய விதிகளைத்தான் கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது. பாரம் இருந்தால் பாரம் எப்போதும் மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும்: ஏறும்போது முன்னால், இறங்கும்போது ரிவர்ஸில். காலி வண்டியென்றால் ஃபோர்க் பள்ளத்தைப் பார்த்து. சரிவில் திருப்பக் கூடாது. ஃபோர்க் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள், ஃபோர்க் ஏறி இறங்கும் சட்டமான மாஸ்ட் பின்னால் சாய்ந்து. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் விதி 1910.178 பத்து சதவீதத்துக்கு மேல் சரிவு இருந்தால் பாரத்தை மேட்டுப் பக்கம் வைக்கச் சொல்கிறது. முன்னால் போகும் வண்டியிலிருந்து மூன்று வண்டி நீளம் தள்ளி வரச் சொல்கிறது. ஆனால் இத்தனை கிலோமீட்டர் வேகம் என்று ஒரே எண்ணை எல்லா இடத்துக்கும் அது வைக்கவில்லை, பத்திரமாக நிறுத்த முடிகிற வேகம் என்றுதான் சொல்கிறது. அதைப் படித்த பிறகுதான் எங்கள் ஈரத் தரைக்கும் சரிவுக்கும் ஏற்ற எண்ணை நாங்களே ஓட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று பிடிபட்டது. மழைக்காலத்தில் வெளியேயும் 8-தான்.

பேட்டரி வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: தனியாக எதுவும் வாங்காதீர்கள். ஏசி (மாறுதிசை மின்சாரம்) மோட்டார் வண்டியாக இருந்தால் அதன் கன்ட்ரோலரிலேயே அதிகபட்ச வேகத்தைக் குறைத்து வைக்க முடியும். எங்கள் வண்டிக்கு வழக்கமான சர்வீஸின்போதே அதைச் செய்துகொடுத்தார்கள். அந்த வகை வண்டி இறக்கத்தில் மோட்டாராலேயே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும், காலை எடுத்தால் தானாகத் தணியும். மலையில் புதிதாக வண்டி வாங்கப் போகிறவர்கள் டீசலும் லிமிட்டரும் சேர்ந்த விலையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பேட்டரி வண்டியையும் ஒருமுறை விசாரியுங்கள்.

லிமிட்டரோடு நீல விளக்கு ஒன்றும் வாங்கினோம். வண்டிக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளித் தரையில் நீல வட்டம் விழும். ஷெட்டுக்குள் அருமை. மூட்டை அடுக்கின் மூலையில் உட்கார்ந்திருக்கும் அக்காவுக்கு, வண்டி வருவதற்கு முன்னால் தரையில் நீலம் வந்துவிடுகிறது. ரிவர்ஸ் பஸ்ஸர் நாள் முழுக்கக் கத்துவதால் அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, நீலத்தைப் பார்த்தால் எழுந்து ஒதுங்குகிறார்கள். வெயிலில் யார்டில் தெரியாது. லிமிட்டர் வாங்கக் காசில்லை என்றால் முதலில் இதையாவது மாட்டுங்கள். மூலைகளில் வைத்த குவிகண்ணாடிகள் மூடுபனியில் வியர்த்துக் கண் மூடிக்கொள்கின்றன. காலையில் வேலை தொடங்கும்போது துடைப்பது ஒருவரின் பொறுப்பு என்று எழுதி வைக்க வேண்டியிருந்தது.

நான் எதிர்பார்க்காத பயன், பெட்டி எழுதி வைக்கும் பதிவு. வேகம் மீறிய நேரமெல்லாம் அதில் இருக்கிறது. டிரைவரைத் திட்டுவதற்கு அதைத் திறக்கக் கூடாது என்று மேனேஜரிடம் முதலிலேயே சொல்லி வாங்கிக்கொண்டேன். திட்டினால் வயரை நோண்ட ஆரம்பிப்பார்கள். பதிவைப் பார்த்தால் மீறல்கள் பெரும்பாலும் இரண்டு இடத்தில் குவிந்தன. ஒன்று சரிவு, அது தெரிந்ததுதான். இன்னொன்று மதியம் மூன்று மணிக்கு மேல். ஏலத்தில் எடுத்தவர்கள் பணம் கட்டிச் சரக்கு எடுக்கும் கெடு நெருங்கும்போது லாரிகள் வரிசையாக நிற்கும். பர்லியாறு வழியாக மேட்டுப்பாளையம் இறங்குபவர்கள் கொண்டை ஊசி வளைவுகளை மூடுபனி இறங்குவதற்கு முன் தாண்டிவிட வேண்டும் என்று தவிப்பார்கள். "அண்ணே, சீக்கிரம் ஏத்துங்கண்ணே" என்று ஃபோர்க்லிஃப்டின் பக்கத்திலேயே வந்து நிற்பார்கள். அந்த அவசரம் முழுக்க எங்கள் டிரைவரின் வலது காலில் வந்து இறங்குகிறது. அதற்கு எந்தக் கருவி மாட்டுவது? இப்போது லாரிகளுக்குக் காலையிலேயே டோக்கன் கொடுத்து, மேட்டுப்பாளையம் போகும் வண்டிகளை முதலில் ஏற்றி அனுப்புகிறோம். லாரி டிரைவர்கள் காத்திருக்க ஷெட்டுக்கு வெளியே பெஞ்சு போட்டாயிற்று. சாயங்காலப் பீப் சத்தம் கண்கூடாகக் குறைந்திருக்கிறது.

வேலை மெதுவாகிவிடும் என்று பயப்படுபவர்களுக்கு: ஷெட்டின் நீளத்துக்கு 6-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு நடைக்குச் சில நொடிகள்தான். அந்த நொடிகளைக் கிழிந்த மூட்டை ஒன்று மொத்தமாகத் தின்றுவிடும். மூட்டை கிழிந்தால் கூட்டி அள்ள வேண்டும், எடை குறைவு என்று எழுத வேண்டும், வாங்கியவரிடம் பேச வேண்டும். லிமிட்டர் வந்த பிறகு சரிந்து விழும் மூட்டை குறைந்ததை லோடுமேன்களே சொல்கிறார்கள். ஃபோர்க் முனை குத்திக் கிழிவது மட்டும் குறையவில்லை, அது வேகத்தால் வருவதில்லை.

சீட் பெல்ட் போட்டால்தான் கிளம்பும் என்ற வசதியையும் கூடுதல் விலைக்குச் சேர்த்துத் தருகிறார்கள். அதையும் வாங்குங்கள். வண்டி சாயும்போது டிரைவர் குதிக்கப் பார்ப்பார், குதிப்பவர் மேலேயே கம்பிக் கூரை விழும். பெல்ட்டோடு சீட்டிலேயே இருந்து, ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் பக்கத்துக்கு எதிராக உடம்பைச் சாய்ப்பதுதான் உயிர் பிழைக்கும் வழி. குதிக்கக் கூடாது என்பது எங்கள் டிரைவர்களில் பாதிப் பேருக்கு இந்தக் கருவி வந்தபோதுதான் தெரிந்தது. லைசென்ஸும் அனுபவமும் உள்ளவர்கள்தான், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சர்வீஸ் சுமார். போன் போட்டால் எடுக்கிறார்கள், வழி சொல்கிறார்கள், ஆனால் ஆள் கோயம்புத்தூரிலிருந்து மலையேறி வர வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் மண் சரிந்து மேட்டுப்பாளையம் ரோடு அடைபட்டால் கோத்தகிரி வழியாகச் சுற்ற வேண்டும், அப்போது யாரும் வருவதில்லை. ஷாஃப்ட் சென்சார் அப்படி ஒரு மழையில் ஈரம் புகுந்து செத்தது. வண்டி ஊர்ந்துகொண்டே இருந்தது, அந்த வாரம் பேட்டரி வண்டியை வைத்துச் சமாளித்தோம். இப்போது ஒரு சென்சாரை உபரியாக வாங்கி அலுவலக அலமாரியில் வைத்திருக்கிறோம், மாற்றுவது எப்படி என்று மூத்த டிரைவர் அண்ணன் கற்றுக்கொண்டார். விலை பேசும்போதே அந்த உபரி சென்சாரையும் அதே பில்லில் கேளுங்கள். தனியாக வாங்கப் போனால் அதிகம் சொல்கிறார்கள். லிமிட்டரை அந்த மழை தொடங்குவதற்கு முன், புரட்டாசி முடிவதற்குள் மாட்டிவிடுவது நல்லது.